ராத்திரி நிரப்பிய டேங்க் காலையில் இறங்கியிருந்தால்: வீட்டிலும் தோட்டத்திலும் தண்ணீர் போகும் வழியைப் பிடிப்பது எப்படி

மதுரை ஆனையூரில் எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். மாடியில் 1,000 லிட்டர் சிண்டெக்ஸ் டேங்க் இரண்டு, ஒன்று நல்ல தண்ணீருக்கு, ஒன்று போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீருக்கு. கீழே ஒரு சம்ப். பின்பக்கம் சிறு தோட்டம்: மல்லிகை, முருங்கை, வாழை, ஒரு தென்னை, ஒரு கருவேப்பிலை. மோட்டார் சுவிட்ச் பெட்டியின் சாவி பன்னிரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. அதனால் வெள்ளன ஐந்தரை மணிக்கு முதல் குரல் என் வாசலில்தான் கேட்கும்.

"அக்கா, பைப்புல தண்ணி வரலக்கா. ராத்திரிதான மோட்டார் போட்டீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தேடி, எந்த அறிகுறிக்கு எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்பது எனக்குப் பழகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள். சுவரை உடைத்த பிறகு, காரணம் ஒரு ரப்பர் வாசர்தான் என்று தெரிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டால் எல்லோரும் எழுந்து போய் நிறுத்திவிடுகிறோம். டேங்கைக் காலி செய்வது சத்தமே இல்லாமல் போகும் தண்ணீர். அது கண்ணில் படாது. அளந்துதான் பிடிக்க வேண்டும்.

தொடங்கும் முன்: ஒரு குச்சி, ஒரு நூல்

நேரான மூங்கில் குச்சி ஒன்றை டேங்கின் அடிவரை இறக்கி, ஈரம் ஏறிய உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த முறை இறக்கும்போது இரண்டு கோட்டுக்கும் இடையில் எத்தனை செ.மீ. என்று பாருங்கள்.

ஒரு செ.மீ. எத்தனை லிட்டர் என்பதற்கு நூல். வட்ட டேங்கைச் சுற்றி நூலைப் பிடித்து, சுற்றளவைச் செ.மீ. கணக்கில் அளங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 12,566-ஆல் வகுத்தால், ஒரு செ.மீ. உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். எங்கள் டேங்க் 336 செ.மீ. சுற்றளவு. கணக்குப் போட்டால் ஒரு செ.மீ.க்கு 9 லிட்டர். இந்த எண்ணை டேங்க் மூடியின் உள்பக்கம் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

அறிகுறி 1: ராத்திரி நிரப்பிய டேங்க், யாரும் எடுக்காமலே இறங்குகிறது

முதல் ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு பத்து மணிக்கு ஒரு கோடு. காலை ஐந்து மணிக்கு, யாரும் குழாயைத் திறக்கும் முன் இன்னொரு கோடு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஒழுக்கு இல்லை, புழக்கம்தான் கூடியிருக்கிறது. இறங்கியிருந்தால் இரண்டாம் ராத்திரி டேங்கிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் கேட் வால்வை மூடிவிட்டு அதே அளவை எடுங்கள். இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது.

*வால்வை மூடியும் இறங்கினால்*

கோளாறு டேங்கிலோ அதற்கும் வால்வுக்கும் இடையிலோ இருக்கிறது. முதலில் டேங்குக்கு அடியில், குழாய் நுழையும் டேங்க் நிப்பிளைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் காய்ந்து காய்ந்து வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அதுதான் இடம். நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே சில சமயம் நின்றுவிடும். நிற்காவிட்டால் தண்ணீரை இறக்கிவிட்டு உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். டேங்க் உடம்பிலேயே மயிரிழை விரிசல் என்றால் வெளியே எம்சீல் வைப்பது ஒரு வெயில் காலம்கூடத் தாங்குவதில்லை. டேங்கை மாற்றும் செலவுக்கு மனதைத் தயார் செய்துகொள்வதுதான் நல்லது.

டேங்கைச் சுற்றி எங்கும் ஈரமே இல்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் சம்பைத் திறந்து பாருங்கள். எங்களுக்கு ஒரு சித்திரையில் இதுதான் நடந்தது. ராத்திரி விளிம்புவரை நிரப்புவேன், காலையில் சரிபாதியில் நிற்கும். மறுநாளும் அதே பாதி. மூன்றாம் நாளும் பென்சில் கோடு அதே இடத்தில் விழுந்தது. ஒழுக்கு என்றால் கூடக் குறைய இறங்க வேண்டும். தினமும் ஒரே கோட்டில் வந்து நிற்கிறதென்றால், அந்த உயரத்தில் ஏதோ இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மோட்டாரிலிருந்து வரும் குழாய் மூடி வழியாக உள்ளே வந்து, டேங்கின் நடுவரை நீண்டு தண்ணீருக்குள் முங்கியிருந்தது. அன்று ராத்திரி சம்பிலும் ஒரு குச்சியை இறக்கினேன். விடிந்தபோது மேலே குறைந்த தண்ணீர் கீழே ஏறியிருந்தது! மோட்டார் நின்ற பிறகு, முங்கிய குழாய் தண்ணீரைத் திரும்ப இழுத்து, பழுதான ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடியில், தண்ணீர் திரும்பாமல் பிடிக்கும் வால்வு) வழியாக சம்புக்கே விட்டிருக்கிறது. குழாயின் வாய் காற்றைத் தொடும் உயரம் வந்ததும் நின்றிருக்கிறது. தண்ணீர் நட்டமில்லை என்றாலும், அதை ஏற்றிய கரண்ட் வீண். காலையில் தினமும் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டியிருந்ததற்கும் அதுதான் காரணம்.

இதற்குச் செலவில்லாத வழி: டேங்குக்குள் இருக்கும் குழாயில், மூடிக்குச் சற்றுக் கீழே, தண்ணீர் எட்டாத உயரத்தில் ஆணி கனத்துக்கு ஒரு துளை போடுங்கள். துளை டேங்கின் உள்பக்கம் பார்த்தபடி இருந்தால், மோட்டார் ஓடும்போது பீய்ச்சும் தண்ணீரும் உள்ளேயே விழும். மோட்டார் நின்றதும் அந்தத் துளை காற்றை விடும், இழுப்பு அறுந்துவிடும். ஃபுட் வால்வை சம்ப் கழுவும் நாளில் மாற்றிக்கொள்ளலாம். உறிஞ்சும் குழாயில் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) இல்லாவிட்டால் அந்த வேலைக்குப் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

*வால்வை மூடினால் இறங்குவது நின்றுவிட்டால்*

கோளாறு வீடுகளுக்குள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வால்வு இருந்தால் ஒரு ராத்திரிக்கு ஒரு வீட்டை மட்டும் திறந்து வையுங்கள். எங்களுக்கு ஆறு ராத்திரி ஆனது. தனி வால்வு இல்லையென்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள், பத்தில் ஏழெட்டு முறை விடை அங்கேதான் கிடைத்திருக்கிறது.

அறிகுறி 2: எங்கும் ஒழுகவில்லை, ஆனாலும் குறைகிறது

நேரே கழிவறைக்குப் போங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்க்தான் வீட்டிலேயே சத்தமில்லாத ஒழுக்கு. பீங்கானின் பின்சுவரோடு ஒட்டி, நூல்போல வழிந்து போகும். பார்த்தால் ஈரம் போலத்தான் தெரியும்.

வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் வீட்டில் இருக்கும். ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்கி, தண்ணீரில் பத்துச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. பிறகு கோப்பையில் பாருங்கள். நீலம் எட்டிப் பார்த்தால் ஒழுகுகிறது.

எங்கள் மூன்றாம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் 14 செ.மீ. இறங்கியிருந்தது, அதாவது 126 லிட்டர். மணிக்கு 18 லிட்டர், ஒரு நாளைக்கு 432. வந்து பார்த்த பிளம்பர் பையன், "சுவத்துக்குள்ள பைப் உடைஞ்சிருக்குக்கா, உடைச்சாத்தான் தெரியும்" என்றான். "இருங்க தம்பி, நீலம் ஊத்திப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். இருபது நிமிடத்தில் கோப்பையின் பின்பக்கம் நீலக்கோடு ஒன்று மெல்ல இறங்கியது.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதுதான் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவு. அப்படிப் பார்த்தால் மூன்று பேருக்கான தண்ணீர், ஒருவர் கையிலும் படாமல் சாக்கடைக்குப் போயிருக்கிறது. நம் ஊருக்கு வரும் வைகை அணைத் தண்ணீரில், மேற்கு மலையில் 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, குடைந்த மலை வழியாக இந்தப் பக்கம் இறங்கி, ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் 1959-ல் திறந்த வைகை அணையில் சேர்வதும் கலந்திருக்கிறது. அத்தனை தூரம் வந்தது ஒரு ரப்பர் வளையத்தில் போவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். பட்டனை அழுத்தியபின் மேலே வராமல் சிக்கியிருக்கலாம், இரண்டு முறை அழுத்தி விடுங்கள். மிதவை உயரமாக இருந்து, தண்ணீர் நடுக்குழாயின் வாய்க்கு மேல் ஏறி உள்ளேயே வழியலாம். மிதவையின் திருகைத் திருப்பி, குழாய் வாய்க்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். இரண்டும் சரியென்றால் அடியிலிருக்கும் ரப்பர் வாசர்தான். போர் தண்ணீர் போகும் டாய்லெட்டில் அதில் உப்பு ஏறிக் கல்போல் இறுகிவிடும். கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். விளிம்பு வளைந்திருந்தால் புதிது வாங்குங்கள். கடைக்குப் பழையதைக் கையில் கொண்டுபோனால் ஒரே நடையில் முடியும். சுவருக்குள் புதைத்த ஃப்ளஷ் டேங்க் என்றால் முகப்புப் பலகையைக் கழற்றுவது வரைதான் நம் வேலை, அதற்கு மேல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 3: குழாய் சொட்டுகிறது

எங்கிருந்து சொட்டுகிறது என்று பாருங்கள். வாயிலிருந்தா, கைப்பிடிக் கழுத்திலிருந்தா?

கழுத்தில் கசிந்தால் கழுத்து நட்டை ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்குங்கள். நிற்காவிட்டால் நட்டைத் தூக்கி, தண்டைச் சுற்றி டெஃப்லான் டேப்பைத் திரித்து நாலு சுற்றுச் சுற்றி மறுபடி இறுக்குங்கள்.

வாயிலிருந்து சொட்டினால், பழைய பித்தளைக் குழாயில் வாசர் தேய்ந்திருக்கும். லைன் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை இறக்கி, தண்டைக் கழற்றினால் அடியில் தெரியும். புது வாசர் ஒரு டீ விலைதான். மாட்டும் முன் உள்ளே விரல் விட்டு, வாசர் உட்காரும் இடத்தைத் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் வேலை முடிந்தது. பல்பல்லாக இருந்தால் எத்தனை வாசர் போட்டாலும் மாதம் ஒன்று தின்னும், குழாயையே மாற்றுங்கள். கால் சுற்றில் திறந்து மூடும் புது ரகக் குழாயில் வாசர் கிடையாது. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை அப்படியே மாற்ற வேண்டும்.

சொட்டுதானே என்று விடாதீர்கள். எங்கள் துவைக்கும் கல்லடிக் குழாய்க்குக் கீழே ஒரு லிட்டர் மக்கை வைத்துக் கடிகாரம் பார்த்தேன். 45 நிமிடத்தில் நிரம்பியது. ஒரு நாளைக்கு 32 லிட்டர்.

சொட்டுகிறது என்று பலம் கொண்ட மட்டும் திருகி இறுக்குவதுதான் வாசரையும் அது உட்காரும் இடத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அறிகுறி 4: டேங்க் வழிகிறது

மோட்டாரை மறந்துவிடுவதால் வழிந்தால், வழியும் குழாயின் வாயைக் கண்ணில் படும் இடத்துக்குத் திருப்புங்கள். எங்கள் வீட்டில் அது மாடியின் பின்பக்கம் இருந்தது. முன்வாசலுக்கு இறக்கி, கேட்டை ஒட்டி ஒரு வாழை வைத்தேன். வழிந்தால் தெருவில் போகிறவர்களே குரல் கொடுத்துவிடுவார்கள்.

ஃப்ளோட் வால்வு இருந்தும் வழிந்தால், பந்தைக் கையில் எடுத்து ஆட்டுங்கள். உள்ளே தண்ணீர் குலுங்கினால் பந்து ஓட்டை. குலுங்கவில்லை என்றால் கம்பி உப்பேறி மடங்காமல் இருக்கும், தேய்த்துவிடுங்கள். தானாக நிற்கும் கருவி போட்டிருந்தால் அதன் உணரிக் கம்பிகளில் போர் தண்ணீர் உப்பு அப்பியிருக்கும். மெயினை அணைத்துவிட்டுத் துடையுங்கள். துடைத்தும் வேலை செய்யாவிட்டால் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 5: நல்ல தண்ணீர் திடீரென்று கரிக்கிறது

இரண்டு டேங்கையும் ஒரு வால்வால் இணைத்திருக்கும் வீடுகளில் வரும் கோளாறு இது. ஒன்றில் தீர்ந்தால் மற்றதிலிருந்து எடுக்க வசதி என்று பிளம்பர்கள் போட்டுவிடுவார்கள். அந்த வால்வு உள்ளே தேய்ந்தால், மூடியிருந்தாலும் தண்ணீரை விடும். எந்த டேங்கில் மட்டம் உயரமோ அதிலிருந்து மற்றதற்குப் போகும். நல்ல தண்ணீர் டேங்க் இறங்க, போர் டேங்க் ஏறும். மறுநாள் அது தலைகீழாகும், குடிநீர் கரிக்கும். இரண்டு டேங்கிலும் குச்சி இறக்கிப் பார்த்தால் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். வால்வை மாற்றுவதைவிட இணைப்பையே வெட்டி, இரண்டு பக்கமும் எண்ட் கேப் போட்டு அடைப்பது நல்லது என்பது என் அனுபவம். வால்வு மறுபடி தேயும்.

அறிகுறி 6: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

உடனே நிறுத்துங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் சீல் சூடேறிப் போய்விடும், அதன்பின் மோட்டார் அடியிலேயே ஒழுக ஆரம்பிக்கும்.

சம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோட்டார் தலையில் இருக்கும் திருகைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. பெரும்பாலும் அதில் ஒரு சருகோ பிளாஸ்டிக் துண்டோ சிக்கியிருக்கும். ஊற்றியது நிற்கிறது, மோட்டார் போட்டதும் மறுபடி காற்று வாங்குகிறது என்றால் உறிஞ்சும் குழாயின் இணைப்பில் ஓட்டை. மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஈரத்துணியைச் சுற்றிப் பிடியுங்கள். எந்த இடத்தில் பிடித்ததும் சத்தம் மாறுகிறதோ அதுதான். கை வைக்கும் இடம் மின் இணைப்புப் பெட்டியிலிருந்து தள்ளி இருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

மோட்டார் உறுமி மட்டும் நின்றால், தொட்டால் சுருக்கென்றால், தீய்ந்த வாடை வந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

போர் மோட்டார் விட்டுவிட்டுக் காற்றும் தண்ணீருமாகத் துப்பினால், கோளாறு பெரும்பாலும் மோட்டாரில் இல்லை. நிலத்தடி மட்டம் மோட்டாருக்குக் கீழே போயிருக்கிறது. அக்னி நட்சத்திரக் காலத்தில் எங்கள் பக்கம் இது வருடா வருடம் வரும். ஓயவிட்டு, காலை கால் மணி, மாலை கால் மணி என்று எடுங்கள். மோட்டாரைக் கீழே இறக்குவதா, போரைச் சுத்தம் செய்வதா என்பதை போர் போடுபவர்தான் சொல்ல வேண்டும். இன்னும் ஆழமாகப் புது போர் போடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் அறிகுறி 10-ஐ ஒருமுறை படித்துவிடுங்கள்.

அறிகுறி 7: சம்ப் தண்ணீர் தானாகக் குறைகிறது

சம்பை நிரப்பி, உள்ளே வரும் வால்வையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு 24 மணி நேரம் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட உயரம்வரை இறங்கி நின்றுவிட்டால் விரிசல் அந்த உயரத்தில், சுவரில். நிற்காமல் இறங்கினால் தரையில். பக்கத்தில் வேம்போ முருங்கையோ இருந்தால் வேரைச் சந்தேகப்படுங்கள்.

சுவரில் சின்ன விரிசல் என்றால் கொத்தனார் தேய்த்துச் சிமெண்டுப் பால் அடித்துச் சரிசெய்துவிடுவார். தரை பிளந்திருந்தால் நீர்க்கசிவு வேலை தெரிந்தவர்கள் வேண்டும். இது பெருஞ்செலவு.

நெடுநாள் மூடிக் கிடந்த சம்புக்குள் தனியாக இறங்காதீர்கள். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க, கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். உள்ளே காற்று கெட்டிருந்தால், மயங்கி விழும்வரை தெரியாது.

அறிகுறி 8: ஆர்.ஓ. கழிவுக் குழாய் நிற்காமல் ஓடுகிறது

மெஷின் டேங்க் நிரம்பித் தானாக நின்றபின், கழிவுக் குழாய் சில நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் ஓடினால் உள்ளே வால்வு பழுது, சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள், அதுவரை தண்ணீர் வரும் சிறு குழாயை மூடி வையுங்கள்.

அதற்கும் முன் ஒரு கேள்வி: உங்களுக்கு ஆர்.ஓ. தேவையா? குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. அதற்குள் இருக்கும் நல்ல தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாலே போதும். ஆர்.ஓ. ஒரு குடம் தர இரண்டு மூன்று குடத்தைக் கழித்துவிடும். கழிவைப் பிடித்துத் தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். செடிக்கு வேண்டாம். காரணம் அடுத்து வருகிறது.

அறிகுறி 9: தோட்டத்துக்கு ஊற்றிக்கொண்டே இருக்கிறோம், செடி வாடுகிறது

வாடிய செடியைப் பார்த்ததும் ஹோஸைத் தூக்காதீர்கள். எப்போது வாடுகிறது என்று பாருங்கள்.

*மத்தியானம் வாடி, மறுநாள் காலையில் நிமிர்ந்திருந்தால்* செடிக்கு ஒன்றுமில்லை. மதுரை வெயிலுக்குப் பூசணியும் செம்பருத்தியும் அப்படித்தான் தலை சாய்க்கும். தண்ணீர் வேண்டாம்.

*விடியும்போதே வாடியிருந்தால்* நீளமான ஸ்க்ரூடிரைவரை வேர்ப்பக்கம் மண்ணில் குத்துங்கள். எளிதாக இறங்கி, ஈர மண் ஒட்டி வந்தால் செடி தாகத்தில் இல்லை, வேர் மூச்சுமுட்டுகிறது. நாலைந்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டு அங்குலத்திலேயே முட்டி நின்றால் மேல்மண் இறுகி, ஊற்றியதெல்லாம் ஓடிப்போயிருக்கிறது. எங்கள் மல்லிகைக்கு இதுதான் நடந்தது. மேலே சேறு, அதற்குக் கீழே பொடி! களைக்கொத்தால் லேசாகக் கிளறி, செடியைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டி, மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகும் தென்னை நாரும் மூடினேன். முன்பு தினமும் இரண்டு குடம் ஊற்றிய செடிக்கு, இப்போது இரண்டு நாளைக்கு ஒரு குடம் போதுமானதாக இருக்கிறது. மூடாக்கைத் தண்டோடு ஒட்டிப் போடாதீர்கள், தண்டு அழுகும். கரையானும் ஏறும்.

*இலை ஓரம் தீய்ந்து, மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால்* உப்பு. போர் தண்ணீரும் ஆர்.ஓ. கழிவும் ஊற்றிய மண் இப்படித்தான் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றுவதால் உப்பு மேலேயே தங்குகிறது. மழை பெய்யும்போது மூடாக்கை விலக்கிவிட்டு, மழையே மண்ணைக் கழுவட்டும். மழைக்கு நாளிருந்தால் வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு மட்கிய சாணம் போடுங்கள். அப்படியும் தேறாவிட்டால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான் வழி. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

*தொட்டியில் ஊற்றியதும் அடியில் கொட்டிவிட்டால்* காய்ந்த மண் சுருங்கித் தொட்டி ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறது. தொட்டியைத் தூக்கி அகலமான பாத்திரத் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். மண் ஊறி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

*சொட்டுநீரில் கடைசிச் செடிகளுக்கு மட்டும் வரவில்லை என்றால்* குழாயின் கடைசி மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். வண்டல் வெளியே வரும். ஃபில்டரைக் கழுவுங்கள். பிறகு சந்தேகமான சொட்டுவானின் கீழே டம்ளர் வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் வகை மூன்று நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். பாதிதான் வந்தால் கழற்றி வினிகரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். எல்லாமே சமமாகக் குறைவாக வந்தால் அழுத்தம் போதவில்லை. டேங்க் உயரம் மட்டும் பல செடிகளுக்குத் தாங்காது, இரண்டு பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள்.

அரிசி, காய் கழுவிய தண்ணீர் எந்தச் செடிக்கும் ஆகும். துணி துவைத்த சோப்புத் தண்ணீரை வாழை, கல்வாழைப் பக்கம் விடுங்கள். கீரைக்கு விடாதீர்கள்.

அறிகுறி 10: மழைநீர்க் குழி தண்ணீரை உள்ளே வாங்கவில்லை

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் தெருவில் அப்போது போட்ட குழிகள் இன்னும் இருக்கின்றன, பாதிக்கு மேல் மண் மூடிக் கிடக்கின்றன. 1,000 சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் விழுகிறது. தெறித்தது, ஆவியானது போக எழுநூறுக்குக் குறையாமல் குழிக்கு வரும். ஒரே மழையில் முக்கால் டேங்க்.

புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள். ஐப்பசியில் மழை இறங்கிய பிறகு குழியில் கை வைக்க முடியாது. குழிக்குள் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிக் கடிகாரம் பாருங்கள். கண் முன்னே இறங்கினால் சரி. அரை மணி ஆகியும் தேங்கி நின்றால் அடைப்பு.

முதலில் மாடிக் குழாயின் வாயில் இருக்கும் வலை. வேப்பஞ்சருகு அதை அடைத்திருந்தால் தண்ணீர் குழிக்கே வந்திருக்காது. அடுத்து குழியின் மேல் மணல். மேலே ஓரடி மணலில் வண்டல் பால்கோவாபோல் படிந்திருக்கும். மணலை அள்ளி அலசிப் போடுங்கள் அல்லது புது மணல் போடுங்கள். அதற்கடியில் இருக்கும் கூழாங்கல், செங்கல் ஜல்லியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவினால் போதும். இத்தனைக்கும் பிறகும் வாங்கவில்லை என்றால் குழியின் அடி களிமண்ணில் முட்டி நிற்கிறது. திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இது அடிக்கடி வரும். குழி நடுவே சிறு போர் இறக்கிக் களிமண்ணைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் சிமெண்ட் உறை (வளையம்) இறக்க வேண்டும். இரண்டும் தெரிந்த ஆள் செய்யும் வேலை. வீட்டுச் சாக்கடைக் குழாயிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர் உள்ளே போனால் பலன் தெரியுமா என்று கேட்பவர்களை வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் குடியிருக்கும் யாரையாவது விசாரிக்கச் சொல்வேன். குளம் வறண்டு பையன்கள் கிரிக்கெட் ஆடிய காலத்தில் சுற்றுத் தெருக்களில் தண்ணீர் எப்படி இருந்தது, பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்த பிறகு எப்படி இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

முதல் மழையைக் குழிக்கு விடாதீர்கள். மாடியில் எட்டு மாதத் தூசியும் காக்கை எச்சமும் இருக்கும். இறங்கு குழாயில் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு, அடியில் திறந்து மூடும் மூடி வையுங்கள். முதல் கால் மணி நேரம் திறந்து விட்டு, தண்ணீர் தெளிந்ததும் மூடுங்கள். எங்கள் காம்பவுண்டில் அந்த மூடி இரண்டாம் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. மழை சத்தம் கேட்டதும் யார் முழித்திருக்கிறார்களோ அவர்கள் இறங்கி வந்து திறந்துவிடுகிறார்கள்.